சோறில்லாத இரண்டு வாரங்கள்



நம் மருத்துவப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. "எடையைக் குறைக்கத்தானே ஆபரேஷனுக்கே போகிறோம்? அதற்கு முன்னாலேயே எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று டாக்டர் சொன்னால் என்ன செய்வது?" என்று கேட்கிறார் ஒரு தாய். "என் வீட்டுக்காரருக்கு இரண்டு வாரத்துக்குச் சோறு, இட்லி, தோசை எதுவும் கூடாதாம். ஏற்கெனவே சர்க்கரை நோயாளி, மயங்கி விழுந்துவிட மாட்டாரா?" என்று கவலைப்படுகிறார் இன்னொருவர். மூன்றாவது கடிதம் ஒரு மருமகள் எழுதியது. "இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைக்க முடிகிறதென்றால் அப்படியே குறைத்துவிட்டுப் போகலாமே, வயிற்றை எதற்கு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று என் மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

மூன்றுமே நியாயமான கேள்விகள். மருத்துவமனையில் ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுத்து, "இதைச் சாப்பிடுங்கள், இதைச் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஏன் என்று உட்கார்ந்து விளக்க எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை. காரணம் தெரியாத பத்தியத்தை ஒரு வீடு எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்கிறது. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆனால் அந்தச் சிலரும் நம் உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். இந்த டயட்டை இனி நம் தெருவிலும் யாராவது ஒருவர் கடைப்பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

முதலில் ஆபரேஷன் அறைக்குள் போய்விடுவோம். பதில் அங்கேதான் இருக்கிறது.

இன்று அதிகம் செய்யப்படும் எடைகுறைப்பு அறுவை 'ஸ்லீவ்' எனப்படும் முறை. இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குறுகிய குழாயாக விட்டுவைப்பார்கள். இன்னொன்று பைபாஸ், இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைப்பது. இரண்டுமே இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில்தான் நடக்கின்றன. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமராவைச் செலுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள்.

திரையில் முதலில் தெரிவது இரைப்பை இல்லை, கல்லீரல். கல்லீரலின் பெரும்பகுதி வலப்பக்கம் இருந்தாலும் அதன் இடது மடல் நடுவயிற்றைத் தாண்டி நீண்டு, இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கிறது. உணவுக்குழாய் வந்து இரைப்பையோடு சேரும் மூலை அந்த மடலுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. அறுவை நிபுணர் எட்ட வேண்டிய இடமும் அதுவே. அதற்காக, வளைந்த எஃகுக் கருவி ஒன்றை உள்ளே விட்டு இடது மடலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அறுவை முடியும்வரை மடல் அப்படியே நிற்க வேண்டும்.

அளவான கல்லீரல் என்றால் இது எளிது. உடற்பருமன் கடுமையாக உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். நாம் ஃபேட்டி லிவர் என்கிறோமே, அதுதான். அது பெருத்துக் கனத்துப் போயிருக்கும். கனிந்து தோல் இளகிய பழத்தைப்போல, கருவி பட்ட இடத்தில் கிழியும், கசியும். மடலைச் சரியாகத் தூக்க முடியாவிட்டால் அந்த மேல் மூலை கண்ணுக்குத் தெரியாது. ஸ்லீவ் அறுவைக்குப் பிறகு ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் கசிவு ஏற்படுவது அரிது. ஆனால் ஏற்பட்டால் பெரும்பாலும் இந்த மேல் மூலையில்தான் ஏற்படுகிறது; ஏற்பட்டுவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாக மாறலாம். எந்த இடத்தில் மிகத் தெளிவாகப் பார்த்து வேலை செய்ய வேண்டுமோ, சரியாக அந்த இடத்தைத்தான் பெருத்த கல்லீரல் மறைக்கிறது.

இரண்டு வாரம் சோறு கூடாது என்பதன் பொருள் இவ்வளவுதான்: கல்லீரலைச் சுருக்க வேண்டும். தராசில் எண் இறங்குவது அதன் உடன்விளைவு.

சோற்றை நிறுத்தினால் கல்லீரல் ஏன் சுருங்க வேண்டும்? கல்லீரல் தன்னுள் ஏறத்தாழ 100 கிராம் அளவுக்குச் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்துவைக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து வருவது நின்றதும் முதல் ஓரிரு நாளில் இந்தச் சேமிப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. தொடக்கத்தில் எடை மளமளவென்று இறங்குவதற்குப் பெரும்பங்கு காரணம் இதுதான். அடுத்து இன்சுலின் அளவு தாழ்கிறது. இன்சுலின் உயர்ந்திருக்கும்வரை கொழுப்பைச் சேமித்துக்கொண்டிருந்த உடல், இப்போது அதை எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. மூளை சர்க்கரை இல்லாமல் இயங்காது என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். நீண்ட பட்டினியின்போது மூளையும் கீட்டோனைக் கொண்டு காலம் தள்ளுகிறது என்பதை 1960-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் குழுவினர் காட்டினார்கள். "மூளைக்குச் சர்க்கரை போகாமல் மயங்கிவிடுவாரோ" என்று அஞ்சிய வாசகருக்கு இது ஓரளவு ஆறுதல் தரும். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மாவுச்சத்தைக் குறைத்து இப்படி உடலைக் கீட்டோனுக்குத் திருப்புவதைத்தான் கீட்டோ உணவுமுறை என்கிறோம். அது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. வலிப்பு நோய்க் குழந்தைகளுக்கான சிகிச்சையாக 1921-இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் அதை முன்வைத்தார். மருத்துவத்தில் அதற்கு நூறு வயது கடந்துவிட்டது.

ஏன் இரண்டு வாரம் என்பதற்கும் அடிப்படை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குக் காத்திருந்த 32 பேருக்கு 12 வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவைக் கொடுத்து, இடையிடையே ஸ்கேன் எடுத்துக் கல்லீரலை அளந்தார்கள். மொத்தத்தில் கல்லீரலின் அளவு ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் குறைவில் 80 விழுக்காடு முதல் இரண்டே வாரங்களில் நிகழ்ந்துவிட்டது. கல்லீரல் அவ்வளவு வேகமாக இணங்கிவரும் உறுப்பு. அதன் பிறகு வயிற்றுக் கொழுப்பும் எடையும் குறைந்துகொண்டே போனாலும், அறுவை நிபுணருக்கு வேண்டிய இடம் இரண்டு வாரத்திலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கல்லீரல் மிகப் பெருத்திருந்தால் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூடச் சொல்கிறார்கள்.

இத்தாலிய மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு சிற்றாய்வில், வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்த கீட்டோ உணவை நான்கு வாரங்கள் கொடுத்தபோது இடது மடல் மட்டும் ஏறத்தாழ 20 விழுக்காடு சுருங்கியது. 27 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. அதைக்கொண்டு பெரிய முடிவுகளுக்குத் தாவக் கூடாது. ஆனால் 2011-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு பெரியது. பைபாஸ் அறுவைக்குச் செல்லும் ஏறக்குறைய 300 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இரண்டு வாரம் இத்தகைய குறைகலோரி உணவு கொடுத்தார்கள். அறுவைக்கு ஆன நேரம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் டயட்டில் இருந்தவர்களின் அறுவை எளிதாக இருந்ததாக நிபுணர்கள் குறித்தார்கள். முதல் 30 நாளில் சிக்கல்கள் வழக்கமான உணவு உண்ட தரப்பில் 18 பேருக்கு, டயட் இருந்த தரப்பில் 8 பேருக்கு. இந்த உணவால் அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் எடை இன்னும் கூடுதலாகக் குறையும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அப்படி ஒரு வாக்குறுதியை யாராவது கொடுத்தால் நம்ப வேண்டாம். இதன் பயன் அந்த மேசைமேல் கழியும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கானது. எனக்கு அதுவே போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

இப்போது ஒரு முக்கியமான வேறுபாடு. 'கீட்டோ' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வெண்ணெய் போட்ட காபி, நெய்யில் மிதக்கும் முட்டை, வறுத்த பாதாம், தோலோடு பொரித்த கோழி. பேலியோ குழுக்களில் இருந்த அனுபவம் உள்ளவர்கள் "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று தாமாகவே தொடங்கிவிடுகிறார்கள். அறுவைக்கு முந்தைய கீட்டோ அதுவன்று. இதில் மாவுச்சத்தும் குறைவு, கொழுப்பும் குறைவு. ஒரு நாளைக்கு மொத்தமே 800 கலோரி அளவில் நிற்கும். மாவுச்சத்து 20-இலிருந்து 50 கிராமுக்குள். தாராளமாக இருப்பது புரதம் ஒன்றுதான், அதுவும் 60 முதல் 80 கிராம்வரை அளந்து. எரிய வேண்டிய கொழுப்பு நோயாளியின் கல்லீரலிலும் வயிற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தட்டில் வேறு வைத்தால் உடல் தட்டில் இருப்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.

புரதத்தின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரமான வரலாறு சாட்சி. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் ஒன்று பரவியது. விலங்குத் தோலிலிருந்தும் எலும்பு மூட்டுகளிலிருந்தும் எடுத்த மட்டமான புரதத்தை மட்டுமே மாதக்கணக்கில் குடித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இதயத் துடிப்பு சீர்குலைந்து. இன்று கொடுக்கும் புரதப் பொடிகள் பால் புரதம் போன்ற தரமானவை, வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்தவை, காலமும் சில வாரமே. ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த பொடிக்குப் பதிலாகக் கடையில் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு டப்பாவை வாங்காதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இனி அடுப்பங்கரை. இந்தியர்களின் உணவில் 62 விழுக்காடு கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று, சென்னையின் நீரிழிவு ஆய்வு மையம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். நாடளாவிய ஆய்வு 2025-இல் தெரிவித்தது. நம் வீட்டுச் சமையலைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாலே அது உண்மை என்று தெரியும். ஒரு கிண்ணம் சோற்றில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து; இந்த டயட்டின் ஒரு நாள் கணக்கு அதிலேயே முடிந்துவிட்டது. ஓர் இட்லியில் 8 முதல் 10 கிராம். "சரி, சோறு வேண்டாம், கேழ்வரகுக் கூழ் குடிக்கட்டும், கம்பு நல்லதுதானே" என்று அன்போடு கிளறிக் கொடுக்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் தினையிலும் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மற்ற நாட்களில் அவை நல்ல உணவு, இந்த இரண்டு வாரத்துக்கு ஆகாது. அதே ஐ.சி.எம்.ஆர். ஆய்வும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதில்லை என்றே கண்டது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன், சத்துமாவுக் கஞ்சி, பழச்சாறு எல்லாமே இந்தக் கணக்கில் சர்க்கரைதான். இளநீரையும் டயட்டீஷியனைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

அசைவம் உண்ணும் வீடுகளில் சிரமம் குறைவு. முட்டை, குழம்பில் வெந்த மீன், தோல் நீக்கிய கோழி, அவற்றோடு கீரை, சுரைக்காய், புடலங்காய், வெண்டைக்காய், முட்டைக்கோஸ், காளான், நீர் மோர், தெளிந்த சூப். ருசிக்கு மிளகும் சீரகமும் பூண்டும் எலுமிச்சையும் தடையின்றி. சைவ வீடுகளில்தான் உண்மையான போராட்டம். பருப்பைப் புரதம் என்றே பழகியிருக்கிறோம். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் உண்டு, ஆனால் கூடவே ஏறத்தாழ 55 கிராம் மாவுச்சத்தும் வருகிறது. சாம்பாரால் 60 கிராம் புரதத்தை எட்டப் பார்த்தால் மாவுச்சத்துக் கணக்கு எங்கோ போய்விடும். ஆகவே பன்னீர், டோஃபு, வடிகட்டிய கெட்டித் தயிர் ஆகியவற்றோடு புரதப் பொடியையும் பெரிதாகச் சார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. சில மருத்துவமனைகள் முழுக்கப் பொடியையே உணவாகக் கொடுத்துவிடுகின்றன. சலிப்பூட்டும் வழிதான், ஆனால் கணக்குத் தப்பாது. அட்டவணை எழுதும்போதே "நாங்கள் சைவம், முட்டைகூடக் கிடையாது" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்கி, வீட்டுக்கு வந்து அரைகுறையாகச் சாப்பிடுபவர்கள் புரதம் போதாமல் தசையை இழக்கிறார்கள்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கடினமாக இருக்கும். தலை வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும், எரிச்சல் வரும். நீரோடு உப்பும் வெளியேறுவதால் வருவது இது. மருத்துவர் உப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்களுக்கு உப்புப் போட்ட மோரும் சூப்பும் கைகொடுக்கும். வாயில் ஒருவித வாடை வீசும், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை. பல் துலக்காததால் வருவதன்று அது, மூச்சில் அசிட்டோன் வெளியேறுகிறது, முகத்தைச் சுளிக்காதீர்கள். மலச்சிக்கல் சகஜம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நான்காம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் பலருக்குப் பசி ஆச்சரியப்படும்படி அடங்கிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் அந்த மூன்று நாளைத் தாண்ட மட்டும் தோள் கொடுத்தால் போதும், பிறகு அவர்களே நடந்துவிடுவார்கள்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவரும், கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை எடுப்பவரும், சோற்றை நிறுத்திவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். மயக்கம் வரும் என்ற அச்சம் உண்மையாவது இங்கேதான். டயட் தொடங்கும் நாளிலிருந்தே அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், மருத்துவர் சொல்லித்தான். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் அப்படியே. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் உடனே தெரிவியுங்கள். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பவைபோல 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடியும் மாத்திரைகள். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுபவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் முடிந்தபின் விலை வெகுவாக இறங்கி, இப்போது நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் சர்வ சாதாரணமாக இடம்பெறுகிறது. நல்ல மருந்து. ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், இரத்தத்தில் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே கீட்டோன் மட்டும் எல்லை மீறி இரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. சர்க்கரைமானியில் எண் நன்றாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல், திட்டமிட்ட எந்த அறுவைக்கும் குறைந்தது மூன்று நாள் முன்பே இவ்வகை மாத்திரைகளை நிறுத்தும்படி அறிவுறுத்தியது. கீட்டோ டயட்டும் சேரும்போது, டயட் தொடங்கும்போதே நிறுத்த வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். வாராந்தர எடைகுறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்துகிறது.

கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு இந்த டயட் பொருந்தாது.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வாரம் முடிந்தால் இருபது மாதமும் முடியாதா? மனத்திடத்தை மட்டும் பொறுத்தது என்றால் முடியலாம். உடல் விடாது. மெல்பர்னிலேயே நடந்து 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் உயர்ந்தே இருந்தது, நிறைவைச் சொல்லும் ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. பசியும் கூடுதலாகவே இருந்தது. இழந்த எடையைத் திரும்பப் பெற உடல் ஓராண்டு கழிந்தும் போராடிக்கொண்டிருக்கிறது. 'வாயைக் கட்ட முடியாதவர்' என்று நாம் பேசுகிறோமே, அவர் சண்டை போடுவது இந்த ஹார்மோன்களோடு. ஸ்லீவ் அறுவையில் வெட்டி எடுக்கப்படும் இரைப்பையின் மேல்பகுதிதான் கிரெலினைப் பெருமளவு சுரக்கும் இடம். அறுவை அந்தப் பசியின் ஊற்றிலேயே கைவைக்கிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான விகிதத்திலேயே இறந்தார்கள். உணவு மாற்றத்தாலேயே நலம் பெறுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வாழ்த்து. ஆனால் அறுவையைத் தேர்ந்தெடுத்தவரைக் குறுக்குவழி தேடியவர் என்று சொல்லாதீர்கள்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். இந்த இரண்டு வார டயட்டைச் சிலர் ஒரு பரீட்சைபோல ஆக்கிவிடுகிறார்கள். "இதைக்கூடக் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால் உனக்கெல்லாம் எதற்கு ஆபரேஷன்?" என்ற வார்த்தை வீட்டிலும் விழுகிறது, சில சமயம் மருத்துவமனையிலும் விழுகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் பல, ஆறு மாதம் டயட் இருந்து காட்டினால்தான் அறுவைக்குப் பணம் தருவோம் என்று விதித்தன. அந்நாட்டின் எடைகுறைப்பு அறுவை நிபுணர்கள் சங்கமே அதற்கு ஆதாரம் இல்லை, சிகிச்சையைத் தாமதப்படுத்துவதுதான் மிச்சம் என்று எதிர்த்தது. கல்லீரலைச் சுருக்கும் சில வாரப் பத்தியம் வேறு, தகுதியை நிரூபிக்கச் சொல்லும் தண்டனை வேறு. பரீட்சையாக்கினால் நடப்பது என்ன தெரியுமா? தவறிச் சாப்பிட்டவர் உண்மையை மறைத்துவிடுவார். ஒன்பதாம் நாள் கல்யாண வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டேன் என்று அறுவை நிபுணரிடம் சொன்னால், அவர் தேதியைச் சில நாள் தள்ளிவைக்கலாம், அல்லது பரவாயில்லை தொடருங்கள் என்று சொல்லலாம். சொல்லாமல் மறைத்தால் அவர் வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரிந்துகொள்வார். சொல்வதற்கு அஞ்சாத சூழலை உருவாக்குவது வீட்டாரின் வேலை, மருத்துவர்களின் வேலையும்கூட.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது, அது முழுக்க அன்பினால் வருவது. "ஆபரேஷன் முடிந்தால் பாவம் இதெல்லாம் சாப்பிட முடியாதே" என்று அத்தை பிரியாணி செய்து அனுப்புவார், சித்தப்பா அல்வா வாங்கி வருவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடைசி விருந்து. கிளைக்கோஜன் கரைய ஓரிரு நாள் என்றால், நிரம்பவும் ஓரிரு நாளே போதும். பத்து நாள் பட்ட பாட்டை அறுவைக்கு முந்தைய வாரயிறுதி விருந்து பாழாக்கிவிடக்கூடும். அந்த அன்பை வேறு வழியில் காட்டலாம். வீட்டில் அனைவரும் அந்த இரண்டு வாரம் எளிமையாகச் சாப்பிடலாம். மாலையில் கூட நடக்கலாம். தாளித்த வாசனை எழும் நேரத்தில் அவரைச் சமையற்கட்டில் நிற்கவிடாமல் இருக்கலாம். குடும்பத்தலைவிதான் நோயாளி என்றால் இது இன்னும் அவசரம்: தனக்கு மறுக்கப்பட்ட சோற்றை நான்கு பேருக்கு வடித்துப் போடும் நிலையில் எத்தனையோ பெண்கள் இந்தப் பத்தியத்தைக் காக்கிறார்கள். அந்த இரண்டு வாரம் வேறு யாராவது உலை வையுங்கள்.

அறுவைக்குப் பிறகு வேறொரு உணவு அட்டவணை வரும். முதலில் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். அறுவைக்கு முன்பே இவற்றின் அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்துச் சரிசெய்துவிடும்படி கேளுங்கள், நம்மவர்களில் பலருக்கு வைட்டமின் டி முன்னதாகவே குறைவு. அறுவைக்கே போகாதவர்கள், வீட்டில் ஒருவருக்குக் கொடுத்த 800 கலோரித் தாளைப் படியெடுத்துத் தாமும் தொடங்கிவிட வேண்டாம். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு உண்டு, இன்னும் பல உண்டு. மருத்துவரின் கண்காணிப்பு இருக்கும்வரைதான் இது பாதுகாப்பான உணவு.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது இந்த இரண்டு வாரத்தைக் கடந்து வந்திருந்தால், என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள். குறிப்பாகச் சைவ வீட்டார். காளான் மிளகு வறுவலா, பன்னீர் பொடிமாஸா, கீரை சூப்பில் என்ன சேர்த்தீர்கள், எத்தனை கிராம் எடுத்தீர்கள் என்று அளவோடு எழுதுங்கள். ஒரு டயட்டீஷியனிடம் காட்டி, மாவுச்சத்தும் புரதமும் கணக்கிட்டு, சரியானவற்றை அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். அஞ்சலட்டையில் நான்கு வரி எழுதினாலும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்